பூச்சு

எங்கள் வீட்டில் நடுவில் குடியிருந்தவை தறிகள்.
நாங்கள் ஓரத்தில்.
சோமனூரில், எட்டுத் தறிக்கும் போக மீந்த இடத்தில்
அடுப்பு, கட்டில், என் புத்தகப் பை.
மத்தியானம் கரண்ட் போனால்
தொட்டிலில் தம்பி விழித்துக்கொள்வான்.
சத்தம் நின்றதுதான் அவனுக்குச் சத்தம்.
கட்டடம் என்றால் என்னவென்று
பிற்பாடு எந்த வகுப்பும்
அதைவிடச் சரியாகச் சொல்லவில்லை:
யார் நடுவில், யார் ஓரத்தில்.

இரண்டு தறியை எடைக்குப் போட்டு
அப்பா முதல் வருட ஃபீஸ் கட்டினார்.
கோயமுத்தூர்க் கல்லூரியில் ஸ்லைடு ஓடும்.
பனி வழுக்கி விழ வசதியான கூரைகள்.
குறிப்பெடுத்துக்கொண்டோம்.
வெளியே சித்திரை வெயில்
ஸ்கூட்டர் சீட்டுகளைப் பொசுக்கிக்கொண்டிருந்தது.

அங்கே பிடித்ததுதான் இந்தப் பிடிவாதம்.
கல்லை முப்பது கிலோமீட்டருக்குள் எடு.
காற்றைக் கேட்டுவிட்டு ஜன்னலை வை.
ஆடி பிறந்தால் கணவாய் வழியாக
கதவைத் தட்டாமல் நுழைகிற பங்காளி அது,
அதற்கொரு வழி விடு.
பூசாதே, கல் கல்லாகவே நிற்கட்டும்.
இதையெல்லாம் மேடைகளில் பேசியிருக்கிறேன்
கைத்தறிச் சேலை கட்டிக்கொண்டு.
விசைத்தறிக்காரர் மகள்.
யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பெருமாநல்லூர்ப் பக்கம்
பனியன் கம்பெனிக்குப் பெண்கள் விடுதி.
நூற்று நாற்பது கட்டில்.
முதலாளிக்கு முகப்பெல்லாம் கண்ணாடி வேண்டும்.
"மேற்கு வெயிலுக்குக் கண்ணாடி வெச்சா
உள்ள இட்லி வெந்துருமுங்க" என்றேன்.
சிரித்தார். கண்ணாடி போயிற்று.
ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

காரணம்பேட்டைக் கல்லில் முதல் மாடி எழும்பியதும்
ஷிப்ட் முடிந்து வந்தவர்களைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.
கொடி கட்ட இடம் கேட்டார்கள்.
அலமாரிக்குப் பூட்டுக் கேட்டார்கள்.
குந்தலா மட்டும் சுவரைத் தடவிக்கொண்டே நின்றாள்.
கந்தமால் பெண், செக்கிங் செக்‌ஷன்,
நாலு வருடத்துத் திருப்பூர்த் தமிழ்.
"பூச்சு எப்பங்க்கா?"

பூச்சு கிடையாது, இதுதான் முடிந்த சுவர்,
இந்த ஊர்க் கல், மூச்சு விடும் என்றேன்.
கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"எங்கூர்ல எங்க வீடும் பூசாததுதானுங்க.
அதப் பூசத்தான் இங்க வந்ததே.
வீடியோ கால்ல அம்மா என் மூஞ்சியப் பாக்கமாட்டா,
பின்னால சுவத்தத்தான் பாப்பா.
கட்டி முடிக்காத வீட்லயா வெச்சிருக்காங்கன்னு கேப்பா."

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.
தறி நின்ற வீட்டில் தம்பி விழித்த மாதிரி.
உள்ளூர், உள்ளூர் என்று எத்தனை மேடை.
கல் உள்ளூர். காற்று உள்ளூர்.
கட்டிலில் படுப்பவள்
இரண்டு நாள் ரயிலுக்கு அந்தப் பக்கம்.
காற்றைக் கேட்டேன்.
அவளைக் கேட்கவில்லை.

மாடிக்கு ஒரு சுவர், பத்தடி,
வடக்கு வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து
மழமழவென்று பூசச் சொன்னேன்.
மேஸ்திரி ரங்கண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.
"இத்தன அழகாக் கல்லு வேல செஞ்சுபோட்டு
மூடச் சொல்றீங்ளே மேடம்."
நிறத்துக்கு ஓட்டெடுத்தார்கள்.
ரோஸ் தோற்று, நீலம் வந்தது.
எனக்குப் பிடிக்காத நீலம்.
வரைபடத்தில் அதற்கென்ன பெயர் எழுதுவதென்று தெரியாமல்
வெறுமனே விட்டிருக்கிறேன்.

பத்திரிகைக்காரர் வந்தார்.
நீலம் படாமல் ஒதுங்கி ஒதுங்கி
கல்லை மட்டும் எடுத்துப்போனார்.
அட்டையில் கல், கல்லுக்கு முன்னால் நான், சேலை.
அங்கே ராத்திரி எட்டரைக்கு
போனைப் பிடித்தபடி நீலச் சுவருக்கு வரிசை நிற்கிறது.

ஆறு மாதத்தில்
உட்கார்ந்து தலை சாய்க்கிற உயரத்தில்
வரிசையாக எண்ணெய்க் கறை.
"மறுக்காப் பெயிண்ட் அடிச்சு உட்றலாங்ளா?"
என்று போனில் கேட்டார் ரங்கண்ணன்.

குந்தலாவைக் கேளுங்க என்றேன்.